இன்ஸ்பெக்டருக்காக ஓட்டிய ட்ராக்டர்

நான் ‘இவர்’ என்று எழுதினால் அது என் கணவர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை. இந்த வயதில் பழகவும் போவதில்லை.

ஊரில் இவர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனை. வளவில் ஒரு வாழைக்குப் பாத்தி கட்டச் சொன்னாலும் ஆள் பிடிக்கப் போய்விடுவார். அப்படிப்பட்ட மனிதர் மெல்பேர்னுக்கு வந்து ட்ராக்டர் ஓட்டினார் என்றால் எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தக்காரரும் இன்றைக்கும் நம்புவதில்லை. சந்தோசமாக ஓட்டினார் என்றால் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் வந்தோம். நான் நேர்ஸ் என்பதால்தான் விசா கிடைத்தது. இவர் நேர்ஸின் கணவராக வந்தவர். இதைச் சண்டை பிடிக்கும்போது மட்டும் ஞாபகப்படுத்துவேன். நோபல் பார்க்கில் ஸ்ரேசனுக்குக் கிட்ட ஒரு சின்ன ஃப்ளாட். டண்டினொங் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. அந்த நாட்களில் தமிழ்ச் சனம் மிகக் குறைவு. சேலை கட்டிய ஒருத்தியைக் கண்டால் ரோட்டைக் கடந்து ஓடிப்போய் எந்த ஊர் என்று கேட்கும் காலம். இவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். எல்லாரும் மரியாதையாகக் கதைத்து, இந்த நாட்டு அனுபவம் இல்லையே என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து கழுத்துப்பட்டியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, குசினியில் எனக்கு வெங்காயம் உரித்துத் தருவார். ஒன்றும் பேசமாட்டார்.

அப்போது என்னுடைய வார்டில் ஓர் இத்தாலிக்காரர் படுத்திருந்தார். டண்டினொங்குக்குத் தெற்கே மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர். வாட்டசாட்டமான ஆள், திரும்பிப் படுத்தால் கட்டில் முனகும். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் ட்ராக்டரிலேயே குந்தியிருந்து முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது. அந்தக் காலத்து வைத்தியப்படி காலில் பாரம் கட்டி, இழுத்துப் படுக்க வைத்திருந்தோம். அவர் கூரையைப் பார்த்தபடி தோட்டத்தைப் பற்றித்தான் புலம்புவார். வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் நடவேண்டும், முட்டைக்கோவாக் கன்று காத்திருக்கிறது, நிலம் உழாமல் கிடக்கிறது. ஒருநாள் நான் தலையணையைச் சரிசெய்யும்போது கேட்டார்.

“உன் புருசனுக்குக் கார் ஓடத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்போ ட்ராக்டரும் தெரியும். நான் எழும்பும் வரைக்கும் வந்து ஓடட்டும். நான் வந்ததும் என் சீட்டை எனக்குத் தந்துவிட வேண்டும்.”

அவருடைய ஆங்கிலத்தில் பாதி இத்தாலி. எனக்கு விளங்கியதைத் தமிழில் எழுதுகிறேன்.

ட்ராக்டர் ஒரு மனிதனைக் கட்டிலில் போட்டிருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே என் மனுசனை அதில் ஏற்றுவதா என்று கொஞ்சம் யோசித்தேன். பிறகு, இந்தப் பெரிய உடம்பைச் சுமந்தால் எந்த முதுகுதான் தாங்கும், இவர் ஈர்க்குக் குச்சி, இவருக்கு என்ன வரப்போகிறது என்று மனதைத் தேற்றினேன். நேர்ஸ் நினைக்கக்கூடிய நினைப்பில்லை அது. வீட்டில் பேசாமல் வெங்காயம் உரிக்கும் ஒரு மனிதரின் மனைவி நினைத்தது.

முதல் நாள் வேலை முடிந்து இவர் வந்த கோலத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கவே பயந்தேன். முகம் முழுக்க மண். பல் மட்டும் தெரிந்தது. சிரித்துக்கொண்டு நின்றார்.

“இஞ்சேரும், எனக்கு மேல அதிகாரி எண்டு ஒருத்தருமில்லை,” என்றார். “ஒரு வரி உழுதுபோட்டுத் திரும்பிப் பாத்தா, செய்தது கண்ணுக்கு முன்னால கிடக்குது. கந்தோரில இவ்வளவு காலம் எழுதினன், ஒண்டையும் இப்பிடித் திரும்பிப் பாக்கேலாது.”

“முதல்ல போய்க் குளியுங்கோ.”

“குளிக்கிறன். நாளைக்கு லீக்ஸ் நடப் பாத்தி இழுக்கவேணும்.” நாளை கல்யாணம் என்பது போலச் சொன்னார்.

பெரிய பண்ணைகளில் நிற்கும் பெரிய ட்ராக்டர் அல்ல அது. சாம்பல் நிறத்தில் சின்னது, பழையது, கூரையில்லாதது. சீட் மட்டும் புதிது. கீழே சுருள்வில் வைத்த சீட், முதலாளியான இத்தாலிக்காரர் ஆஸ்பத்திரிக்கு வர முன்னர் டாக்டர் சொல்லி வாங்கிப் போட்டது. அதைப் பற்றி இவருக்குப் பெரிய பெருமை. ஊரில் பெரிய துரைக்குக்கூட இப்படி ஒரு கதிரை இருந்ததில்லை என்பார்.

கொஞ்ச நாளில் நான் சில விசயங்களைக் கவனிக்கத் தொடங்கினேன். இரவுச் சாப்பாட்டின்போது இவருடைய கை மெல்ல நடுங்கும். தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தால் தட்டில் கிலுகிலு என்று சத்தம் வரும். படுத்த பிறகு, “இன்னும் உடம்பு ஓடிக்கொண்டிருக்குது” என்பார். நான் கையை வைத்துப் பார்ப்பேன். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே இயந்திரம் நிற்காமல் ஓடுகிறதாம். இதை இவர் ஒரு புதுமை போலச் சொல்லுவார். நானும் முதலில் சிரித்தேன்.

குளிர்காலம் வந்ததும் சிரிப்பு நின்றது. காலையில் அந்த இரும்பு ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து விரல் நுனி வெளிறிப்போய் வீட்டுக்கு வருவார். ஒருநாள் ஆவி பறக்கிற சோற்றில் கையை வைத்துக் குழைத்துக்கொண்டே ஏதோ கதை சொன்னார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். விரல்கள் சிவந்து போயிருந்தன. இவருக்குச் சூடே தெரியவில்லை. கரண்டியால் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இது தெரியவந்திருக்காது. அடுத்த நாளே டண்டினொங் சந்தையில் கம்பளிக் கையுறை வாங்கிக் கொடுத்தேன். போடாவிட்டால் சோறு இல்லை என்றும் சொன்னேன். போட்டார்; விரல் ஓரளவு சரியாகியது.

முதுகுக்குக் கையுறை இல்லையே. வசந்தம் தொடங்க, இவர் காலையில் கட்டிலில் இருந்து எழும்பும் விதம் மாறியது. முதலில் பக்கவாட்டாகத் திரும்பி, சுவரைப் பிடித்து, பிறகு மெல்ல மெல்ல. நான் வார்டில் தினமும் பார்க்கிற எழும்பல் அது. இடது பக்கம் இடுப்புக்கு மேலே பிடித்துக்கொள்கிறது என்றார். அதுவும் நான் குறுக்குக் கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் வெளியே வந்தது.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். அங்கே இவர் இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி, முழங்காலில் கை வைத்து, படம் பிடிக்கக் கதிரையில் இருத்தியவர் மாதிரி இருந்தார். எவ்வளவு நோகிறது என்று டாக்டர் கேட்க, கொஞ்சம், என்றார். டாக்டர் மாத்திரை எழுதித் தந்து, ஏன் ஒரு பக்கம் மட்டும் நோகிறது என்று தெரியவில்லை, இப்படியே விட்டால் முதுகு நிரந்தரமாகப் பழுதாகிவிடும், ட்ராக்டரை விடுவது நல்லது என்றார். வீட்டுக்கு வரும் வழியில் இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு விளங்கியது. ட்ராக்டரில் இருந்தால் முதுகு போகும். ட்ராக்டரை விட்டால் பழையபடி அந்தப் பேசாத மனிதர் வந்துவிடுவார். இரண்டில் எதை இழப்பது என்று நான் ரயிலில் இருந்தபடி யோசித்தேன். இரண்டையும் இழக்க எனக்கு மனமில்லை.

முதலாளி இதற்குள் ஆஸ்பத்திரியில் இருந்து தன் வீட்டுக்கு வந்துவிட்டார். வயிற்றைச் சுற்றி இறுக்கமான பட்டி கட்டி, ஒரு தடியை ஊன்றி, வேலியோரம் நின்று ட்ராக்டரையே பார்த்துக்கொண்டிருப்பார். ‘இன்னும் கொஞ்ச நாள், பிறகு நான் ஏறுவேன்’ என்பதுதான் அவருடைய காலை வணக்கம். ஒருநாள் இவர் மட்கார்டைப் பிடித்துப் பிடித்து இறங்குவதை அவர் பார்த்துவிட்டார். அப்படி இறங்குவது எதனால் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

அந்த நேரம் பார்த்து, ட்ராக்டர் ஓட்டுகிறவர்களின் உடம்புக்குள் எவ்வளவு அதிர்வு போகிறது என்று அளந்து பார்க்கிற ஒருவர் அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். முதலாளி அவரை அழைத்தார். இவரிடம் நேராகச் சொன்னார்: ட்ராக்டரில் பிழை என்றால் திருத்துவோம். பிழை இல்லையென்றால் உன் முதுகுக்கு இந்த வேலை சரிவராது, நீ ஷெட்டுக்குப் போ. ஷெட் என்பது தோட்டத்து மூலையில் தகரக் கொட்டகை. அங்கே பெண்கள் பெட்டிகளில் குந்தியிருந்து லீக்ஸ் கழுவிக் கட்டுவார்கள்.

இனி நடந்தது எங்களுடைய சனம் மட்டும் செய்யக்கூடிய வேலை.

அளக்க ஒருவர் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு: இன்ஸ்பெக்டர் வருகிறார். பள்ளிக்கூடத்தில் படித்த நாள் முதல் எங்களுக்குத் தெரிந்தது அதுதான். இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் வகுப்பறை கழுவப்படும், கெட்டிக்காரப் பிள்ளைகள் முன்வாங்குக்கு வருவார்கள், யாரும் இருமவும் மாட்டார்கள். இவர் அதற்கு முதல் நாள் ட்ராக்டரைக் கழுவித் துடைத்தார். கிறீஸ் போட்டார். நான் இவருடைய கந்தோர்ச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டேன். அன்றைக்கு எனக்கு வேலையில்லாத நாள் என்பதால் உளுந்து வடை சுட்டு எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

கோட்டும் சூட்டுமாக ஒருவரை எதிர்பார்த்தோம். வந்தது தோள்வரைக்கும் தலைமயிர், அரைக்காற்சட்டை, காலில் செருப்பு. சின்னப் பெடியன் மாதிரி இருந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு ட்ராக்டருக்குப் பக்கத்தில் நின்ற இவரைப் பார்த்து, தோட்டத்துச் சொந்தக்காரர் என்று நினைத்துக் கை கொடுத்தார். பிறகு தோசைக்கல் அளவில் ஒரு ரப்பர் தட்டை சீட்டில் வைத்து, இவரை அதன்மேல் இருக்கச் சொன்னார். தட்டில் இருந்து ஒரு வயர், பின்னால் கட்டிய ஒரு பெட்டிக்குப் போனது.

“வழமையாக ஓடுகிற மாதிரி ஓடு,” என்றார்.

வழமையாக! இவர் இரண்டு காலையும் மிதிபலகையில் ஒட்ட வைத்து, முதுகை நிமிர்த்தி, கிளச்சை விடுவது தெரியாமல் விட்டு, மண்கட்டியைக் கண்டால் ஒதுங்கி, மேட்டைக் கண்டால் நின்று, ஏறி, இறங்கி ஓட்டினார். வரம்பில் திரும்பும்போது ஒரு கோவா இலைகூட ஆடவில்லை. நானும் வேலியோரம் நின்று, எவ்வளவு வடிவாக ஓட்டுகிறார் என்று பூரித்துப்போனேன். அளக்க வந்தவர் பெட்டியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். நல்ல ஆறுதலான சவாரி, குறையொன்றும் தெரியவில்லை என்றார். வடை சாப்பிட்டார். இன்னொன்றும் கேட்டுச் சாப்பிட்டார். இன்ஸ்பெக்டரிடம் நல்ல பெயர் எடுத்துவிட்டோம் என்ற திருப்தியில் நாங்கள் வீட்டுக்கு வந்தோம்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை முதலாளி தன் மனைவி கார் ஓட்ட எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, படி ஏறுவது கஷ்டம். கீழே நின்றபடியே சொன்னார். ட்ராக்டரில் பிழை இல்லையாம். ஆகவே திங்கட்கிழமை முதல் ஷெட். இவர் தலையை ஆட்டி, நன்றி என்றார். நன்றி! மேலே வந்து கதிரையில் சாய்ந்தார். நான் சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் குசினிக்குள் போய் வெங்காயம் ஒன்றை எடுத்தார்.

அதைப் பார்த்ததும் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது.

“வையுங்கோ அதை! இண்டைக்கு ஆர் உங்களை வெங்காயம் உரிக்கச் சொன்னது?”

“சும்மாதான்.”

“அண்டைக்கு நீங்கள் ஓட்டினது ட்ராக்டரே, சுவாமித் தேரே?”

இவர் என்னைப் பார்த்தார். “நல்லாத்தானே ஓட்டினன்?”

“அதுதானப்பா பிழை! ஒவ்வொரு நாளும் அப்பிடியோ ஓடுறனீங்கள்?”

“அப்பிடி ஓடினா ஒரு பாத்தி இழுக்கப் பொழுதுபட்டிடும்.”

சொல்லி முடித்த பிறகுதான் இவருக்கே விளங்கியது. எனக்கும் அப்போதுதான் முழுதாக விளங்கியது. நோயாளி நாடி பார்க்க முன்னர் கொஞ்சம் படுத்து ஆறி, மூச்சை அடக்கி, தனக்கு ஒன்றுமில்லை என்று காட்டியது போன்ற வேலை. அதற்கு நேர்ஸ் சட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. சிரித்தால் இவருக்கு முதுகு பிடித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

“முதலாளியிட்டப் போய்ச் சொல்லுங்கோ,” என்றேன்.

“எப்பிடிச் சொல்லுறது? பொய்யா ஓட்டினன் எண்டோ? நீர் சும்மா இரும்.”

நான் சும்மா இருக்கிற ஆளில்லை. அடுத்த நாள் காலை, வேலைக்குப் போகிற வழியில், நேர்ஸ் உடுப்போடேயே தோட்டத்துக்குப் போனேன். சனிக்கிழமை, ட்ராக்டரில் இவருக்கு அது கடைசி நாள். முதலாளி வாசலில் நின்றார். வார்டில் அவரை அதட்டி மாத்திரை விழுங்க வைத்தவள் நான். அந்த உரிமையில் கதைத்தேன்.

“அன்றைக்கு நீங்கள் அளந்தது என் புருசனை அல்ல. அவருடைய மரியாதையை. இப்போ என்னோடு வாருங்கள். அவருக்குத் தெரியாமல் பார்க்க வேண்டும்.”

அவர் முணுமுணுத்தபடி தடியை ஊன்றி வந்தார். இரண்டு பேரும் ஷெட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்றோம். லீக்ஸ் கழுவிய பெண்கள் எட்டி எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அப்போது இவர் வந்தார். அதை வந்தார் என்று சொல்லக்கூடாது, பறந்தார். காய்ந்த மண்கட்டி எல்லாவற்றுக்கும் மேலால் ட்ராக்டர் எகிறி எகிறிப் போனது. ஒவ்வொரு எகிறலுக்கும் இவருக்கும் சீட்டுக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது. வீட்டில் கதிரையில் இருப்பது போல இடது காலை மடித்துத் தனக்குக் கீழே வைத்திருந்தார். வலது கால் மட்டும் கீழே, அதுவும் பாதி தொங்கிக்கொண்டு. அந்த மடித்த காலோடு இடுப்பை முறுக்கி, பின்னால் வரும் கலப்பையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இவ்வளவுக்கும் நடுவில், தொண்டை கிழியப் பாடிக்கொண்டு வேறு போனார்.

முதலாளி முதலில் வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய பட்டி கிறீச் என்றது. பிறகு சிரிப்பு நின்றது. ட்ராக்டர் இன்னொரு மேட்டில் ஏறி விழுந்தபோது, இவருக்குப் பட்ட குலுக்கலில் அவர் கண்ணை மூடினார்.

“அதில் ஏறினால் நானும் பாடுவேன்,” என்றார்.

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. இவரை ஷெட்டுக்கு அனுப்ப நினைத்தது தண்டனையாக அல்ல என்று அப்போதுதான் தெரிந்தது. தன்னைப் போல இன்னொருவன் காலில் பாரம் கட்டிப் படுக்கக்கூடாது என்று அந்த மனிதர் பயந்திருக்கிறார். அந்தப் பயத்தைச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. நானாவது கேட்டிருக்கலாம், எனக்கு எங்கே அவ்வளவு பொறுமை!

முதலாளி கூப்பிட, அளக்கிறவர் மறுபடி வந்தார். இந்த முறை வடையும் இல்லை, இஸ்திரியும் இல்லை. மண் பிடித்த சட்டையோடு, வழமையான வேகத்தில், வழமையாக இருக்கிறபடி இருந்து ஓடவேண்டும் என்று நான் இவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பாட்டு மட்டும் பாடவில்லை, வெட்கமாம். ஒரு வரி ஓடி முடித்ததும் அந்தப் பெடியன் பெட்டியைப் பார்த்து விசிலடித்தார். அன்றைக்கு ஓடினது வேறு மனிதரா என்று கேட்டார்.

பிறகு எங்களுக்கு விளங்கும்படி சொன்னார். காலை மடித்து இருந்தால் இடுப்பு ஒரு பக்கம் உயரும், முதுகெலும்பு வளையும்; வளைந்த முதுகெலும்பில் குலுக்கல் இறங்கினால் அது ஒரு பக்கத்தைத்தான் பிடிக்கும். இரண்டு காலும் ஊன்றியிருந்தால் கால் கொஞ்சம் தாங்கும். கரடுமுரடான இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும். டயரில் காற்று தேவைக்கு மேல் இருக்கிறது, கொஞ்சம் இறக்கலாம். இடையிடையே இறங்கி நடக்க வேண்டும், இறங்கும்போது குதிக்கக்கூடாது. இதெல்லாம் செய்தாலும் நாள் முழுக்க ஓடக்கூடாது; அரைநாள் போதும்.

“காலை ஏன் மடித்தாய்?” என்று கேட்டார்.

“சீட் இடிக்கிறது,” என்றார் இவர். “கால் மெத்தையாக இருக்கும் என்று நினைத்தேன்.”

அப்போதுதான் அவர் குனிந்து சீட்டின் கீழே பார்த்தார். அங்கே ஒரு கறுப்புத் திருகு இருந்தது. இருக்கிறவரின் நிறைக்குத் தக்கபடி சுருள்வில்லை இறுக்கவும் தளர்த்தவும் அதுதான். அது கடைசி வரைக்கும் இறுக்கி வைக்கப்பட்டிருந்தது. நல்ல பாரமான ஆளுக்கு வைத்த வில், நீ இருந்தால் அமுங்கவே அமுங்காது, பலகையில் இருப்பதும் இதில் இருப்பதும் ஒன்றுதான், இத்தனை நாளும் இந்த நல்ல சீட் உனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை என்றார். இவ்வளவு சின்ன வேலையை ஏன் ஒருவரும் செய்யவில்லை என்று எங்கள் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இவர்தான் மெல்லச் சொன்னார்.

“அது எனக்குத் தெரியும். முதல் நாளே முதலாளியின் மனைவி காட்டித் தந்தவர். அது முதலாளியுடைய நிறைக்கு வைத்தது. அவர் திரும்பி வந்து ஏறுவேன் என்று சொன்னவர். அதனால் நான் தொடவில்லை.”

என்ன மனிதர் என்று எனக்கு ஆத்திரமும் வந்தது, கண்ணீரும் வந்தது. இன்னொருவருடைய கதிரையை அவர் விட்டுப்போனபடியே காத்துக்கொண்டு, தன் முதுகைக் கொடுத்திருக்கிறார்.

முதலாளி தடியை மட்கார்டில் சாத்திவிட்டு, தானே அந்தத் திருகைத் திருப்பக் குனிந்தார். பாதி தூரம் போனார். அதற்குமேல் போக உடம்பு விடவில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவருடைய மனைவி ஷெட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கிட்ட வரவில்லை. இவர் ட்ராக்டரில் இருந்து குதிக்காமல் மெல்ல இறங்கி, மண்ணில் முழங்காலை ஊன்றி, திருகில் கையை வைத்தார். வைத்துவிட்டு, திருப்பாமல் நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தார்.

“திருப்பு,” என்றார் முதலாளி.

இவர் கொஞ்சம் திருப்பி நிறுத்தினார். “இவ்வளவு போதும். பிறகு நீங்கள் வரும்போது...”

“உன் நிறைக்கு வை,” என்றார் அவர். “எனக்கு வைக்காதே.”

இவர் திருப்பினார். அது வெகுநாள் அசையாமல் கிடந்த திருகு; ஒவ்வொரு சுற்றுக்கும் சத்தம் போட்டது. சத்தம் நிற்கும் வரைக்கும் முதலாளி நின்று கேட்டார். பிறகு தடியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். அங்கே லீக்ஸ் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட, ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு அதில் குந்தியிருந்து, கட்டுவதற்கு லீக்ஸ் தரும்படி கையை நீட்டினார்.